கூட்டாக நிலம் வாங்கிப் பழக்காடு வைக்கலாமா? ஆரோவில் பண்ணைகளைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறேன்

செம்மண்காட்டான் (இழையைத் தொடங்கியவர்)

கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஆறு பேர், திண்டிவனம், விக்கிரவாண்டி பக்கம் பத்துப் பன்னிரண்டு ஏக்கர் சேர்ந்து வாங்கி, ரசாயனம் இல்லாமல் மா, பலா, சப்போட்டா, எலுமிச்சை, சீத்தா எல்லாம் கலந்து நட்டு ஒரு உணவுக்காடு வைக்கலாம் என்று நெடுநாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பேச்சு வாட்ஸாப்பிலேயே நின்றுவிடும் போலிருந்தது. சரி, கூட்டாக நடக்கிற பண்ணைகளை முதலில் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஆரோவிலுக்குப் போய்வந்தோம். பார்த்ததை எழுதுகிறேன், கடைசியில் கேள்வி இருக்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே பண்ணையை நடத்துகிற யாருக்கும் நிலம் சொந்தமில்லை. எல்லாம் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆரோவில் ஃபவுண்டேஷன் பேரில் இருக்கிறது. விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. பத்துப் பதினைந்து பண்ணைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. விளைவதில் ஒரு பகுதி ஃபுட்லிங்க் என்ற பொதுக் கிடங்குக்குப் போய், அங்கிருந்து சோலார் கிச்சனுக்கும் அவர்களுடைய கடைகளுக்கும் போகிறது. சோலார் கிச்சனில் நாளுக்குச் சுமார் ஆயிரம் சாப்பாடு சமைக்கிறார்கள், கூரைமேல் 15 மீட்டர் அகலத்தில் சூரிய வெப்பக் கிண்ணம் இருக்கிறதே, அதுதான்.

சாலிட்யூட் பண்ணை ஆறு ஏக்கர். 1996இல் தொடங்கியது. நடத்துகிற கிருஷ்ணா மெக்கென்சி இங்கிலாந்துக்காரர், தமிழிலேயே விளக்கம் சொல்வார், யூடியூபில் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஜப்பானிய இயற்கை விவசாயி ஃபுகுவோகா வழி வந்தவர், உழவு கிடையாது. உள்ளே போனால் தோட்டம் என்றே தோன்றாது. வாழை, பப்பாளி, முருங்கை, சுண்டை, கருவேப்பிலை, கீழே கிழங்கு, மேலே கொடி. வரிசை எங்கே என்று தேடினால் கிடைக்கவே கிடைக்காது. ஒரு பப்பாளி மரத்தடியில் மூடாக்கை, அதாவது மண்ணை மூடிப் போட்டிருக்கும் சருகை, கையால் விலக்கிப் பார்த்தேன். மேலே காய்ந்த வாழைச்சருகு, அதன் கீழே நிறம் மாறி நைந்த இலைகள், இலைகளைச் சேர்த்துப் பிடித்தபடி வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழை, அதற்கும் கீழே நாலு விரற்கடை கருப்பு மண், விரல் தானாக இறங்குகிறது. அதையும் தாண்டினால் செங்கல் பொடி நிறத்தில் பழைய செம்மண். இரண்டடி தள்ளி நடைபாதை, அங்கே குச்சியை வைத்து அழுத்தினால் குச்சிதான் உடைந்தது. அந்தப் பீடபூமி முழுக்க ஒரு காலத்தில் இந்த நடைபாதை மாதிரிதான் இருந்திருக்கிறது.

பண்ணைக்குள்ளேயே ஒரு உணவகம். பச்சைப் பப்பாளித் துருவல், வாழைத்தண்டு, சிறுதானியச் சோறு, பேர் தெரியாத இரண்டு மூன்று கீரை. களை என்று நாம் பிடுங்கி எறிகிற மூக்கிரட்டையும் தட்டில் இருந்தது. கூட வந்த நண்பன் ஒருத்தன் “இதுக்கா காசு” என்றான், ஆனால் இரண்டாம் முறை வாங்கினான்.

ஆரோஆர்ச்சர்ட் வேறு ரகம். 1969இல் ஆரம்பித்தது, 40 ஏக்கருக்கு மேல். பழைய மாமரங்கள், எலுமிச்சை, காய்கறிப் பாத்தி, முட்டைக்கோழி என்று பண்ணை போலவே இருக்கும் பண்ணை. எனக்கு இதுதான் நமக்குப் பாடமாகப் பட்டது, கூட வந்தவர்களுக்கு சாலிட்யூட்தான் பிடித்தது. இதிலேயே ஆறு பேருக்குள் இரண்டு கட்சி.

கேள்வி இதுதான். ஆறு பேர் சேர்ந்து இப்படி ஒன்று செய்தால் நிலம் யார் பேரில், வேலை யார் செய்வது, ஒருத்தன் பாதியில் விலகினால் என்ன? செய்தவர்கள், செய்து கைவிட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு

ஆரோவிலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் ஐயா. வெளிநாட்டுக் காசு, ஓசி நிலம், தன்னார்வலர் என்ற பேரில் சம்பளம் இல்லாத ஆள். இத்தனையும் இருந்தால் நான் தார் ரோட்டிலேயே மாம்பழம் காய்க்க வைப்பேன்.

மூடாக்கு

வெட்டிப்பேச்சு தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குப் பதில் சொல்கிறேன். 1968இல் அந்த நிலத்தின் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? மரமே கிடையாது, ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து கடலுக்குப் போய், ஆள் இறங்கினால் தலை தெரியாத அளவு ஓடைப் பள்ளங்கள். அதைக் காசு மட்டும் சரிசெய்யவில்லை. முதல் சில வருடம் அவர்கள் மெனக்கெட்டது வரப்பு போடுவதற்குத்தான். சரிவுக்குக் குறுக்கே வரப்பு, பள்ளத்துக்குக் குறுக்கே சின்னச் சின்னத் தடுப்பு, விழுந்த தண்ணீர் நிலத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்ற ஒரே பிடிவாதம். அதற்குப் பின்புதான் மரம். புதுச்சேரி வட்டாரத்தில் வருடத்துக்கு 1,300 மில்லிமீட்டர் அளவுக்கு மழை இருக்கிறது, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த ஆறேழு வாரத்தில் பிடிக்காத தண்ணீரை அப்புறம் எந்த ஆழ்துளைக் கிணற்றிலும் பிடிக்க முடியாது.

ஆகவே செம்மண்காட்டான், நிலம் வாங்கினால் முதல் மழைக்காலத்தில் ஒரு கன்று கூட நடாதீர்கள். குடையைப் பிடித்துக்கொண்டு போய் நின்று தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். மூன்று குச்சியும் ஒரு தூக்குக் கல்லும் வைத்து ஏ வடிவச் சட்டம் கட்டினால் சமமட்டக் கோடு குறித்துவிடலாம், சர்வேயர் வேண்டாம்.

ஓஎம்ஆர்வாசி

நிலத்தை வாங்குவதற்கு முன் என் மச்சான் கதையைக் கேளுங்கள். பேர் வேண்டாம், செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கம்பெனி, “இயற்கைப் பழப் பண்ணையில் உங்கள் பங்கு” என்று விளம்பரம் போட்டு ஆளுக்குக் கால் ஏக்கர் விற்றது. பராமரிப்பு எல்லாம் அவர்கள், பழம் வீட்டுக்கு வரும், வார இறுதியில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் மண்ணில் விளையாடலாம். பதிவானது பிரிக்கப்படாத பங்கு, அதாவது எது அவன் கால் ஏக்கர் என்று யாருக்குமே தெரியாது. நான் போய்ப் பார்த்தேன். ஒரே வயது ஒட்டு மாங்கன்று, ஒரே ரகம், சொட்டுநீர்க் குழாய், நடுவில் வெறும் தரை, புல் முளைத்தால் மருந்தடித்துக் காய வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் நுழைவாயிலில் பெரிய பலகை, பெர்மாகல்ச்சர் என்று, அதாவது காட்டைப் பார்த்து அமைக்கிற நிலைத்த பண்ணையமாம். மூன்றாம் வருடம் பராமரிப்புக் கட்டணத்தை இரட்டிப்பாக்கினார்கள், பாதிப் பேர் கட்டவில்லை, தண்ணீர் நின்றது. இப்போது அங்கே மேய்கிற ஆடுகள்தான் உண்மையான பங்குதாரர்கள்.

நீங்கள் நண்பர்கள், அது வேறு, புரிகிறது. ஆனால் ஆறு பேரும் சென்னையில் உட்கார்ந்துகொண்டு பண்ணைக்கு ஒரு ஆள் போடுவது என்றால் கடைசியில் இதேதான் நடக்கும்.

பலாத்தோப்பு

பண்ருட்டியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் எழுதுகிற இந்த அடுக்குப் பயிர் எங்கள் பக்கம் தாத்தா காலத்திலேயே இருக்கிறது. பலா உயரத்தில், கீழே முந்திரி, வரப்போரம் பனை, மழைக்காலத்தில் நடுவில் கடலையோ உளுந்தோ. சிலர் பலாமரத்தில் மிளகு ஏற்றியிருக்கிறார்கள், நன்றாகவே வருகிறது.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் எழுதவில்லை, காற்று. 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ என்ற புயல் கரையேறியது. மத்தியானம் வெளியே வந்து பார்த்தால் தோப்பில் வானம் தெரிகிறது. நூறு வருடத்துப் பலா வேரோடு சாய்ந்து கிடந்தது, முந்திரி அப்படியே படுத்துவிட்டது. ஆரோவில் காட்டிலும் அன்றைக்கு ஏகப்பட்ட மரம் போச்சு, குறிப்பாக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து வைத்த அகேசியா. எங்கள் தோப்பில் நின்றது எது என்று பார்த்தால், நெருக்கமாக, பல உயரத்தில், கிளை கழித்து வைத்த பகுதிகள். தனியாக அகலமாக வளரவிட்ட மரங்கள்தான் முதலில் போயின. அப்புறம் பனை, அது ஆடிவிட்டு நின்றுகொண்டது.

2024 ஃபெஞ்சல் புயலில் காற்றைவிட மழை. மயிலம் பக்கம் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குப் பெய்தது, நீங்கள் நிலம் பார்க்கிற ஊர் அதற்குப் பக்கம்தான். மூடாக்கு அண்ணன் சொல்கிற வரப்பு 50 செ.மீ. மழையைத் தாங்காது, உடைத்துக்கொண்டு போகும். வரப்பில் ஒரு ஓரம் கல் பாவி வழிந்தோட வழி வைக்க வேண்டும். பப்பாளி வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மரம் முடிந்தது, மேட்டில்தான் வைக்க வேண்டும்.

பட்டா_சிட்டா

சட்டக் கேள்விக்கு வருகிறேன், வேலை பத்திரப் பதிவு தொடர்பானது.

தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விளைநிலம் வாங்கலாம், அதில் தடை இல்லை. உச்சவரம்பு ஐந்து பேர் குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்), உங்கள் அளவுக்கு அது தொந்தரவு தராது. ஆறு பேர் பேரிலும் ஒரே பத்திரம் போட்டுக் கூட்டுப் பட்டா வாங்கலாம், செலவு குறைவு. பிரச்சினை பின்னால் வரும். ஒருவர் இறந்தால் அவர் வாரிசுகள் உள்ளே வருவார்கள், ஒருவர் பங்கை அடமானம் வைக்க நினைத்தால் வங்கி கேட்கும் கேள்விக்கு ஆறு பேரும் ஓட வேண்டும். நான் பார்த்தவரை நிற்பது இந்த முறைதான்: ஆளுக்கு அரை ஏக்கர் உட்பிரிவு செய்து தனிப் பட்டா, அதில் அவரவர் குடிசையோ வீடோ. மீதி ஏழிலிருந்து ஒன்பது ஏக்கர் பொது. விலகுகிறவர் பொதுப் பங்கை மற்ற ஐவருக்குத்தான் முதலில் தர வேண்டும், விலை எப்படிக் கணக்கிடுவது, எத்தனை தவணையில் தருவது என்று முதல் நாளே பத்திரத்தில் எழுதிவிடுங்கள். நட்பில் இருக்கும்போது எழுதினால்தான் எழுத முடியும்.

உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்யக் குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள் வேண்டும், ஆறு பேர் போதாது. அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டம் 2017-18இல் வந்தது. 20 பேர் கொண்ட ஆர்வலர் குழு ஐந்தைச் சேர்த்து 100 பேர் உற்பத்தியாளர் குழு, அதற்கு ஐந்து லட்சம் தொகுப்பு நிதி. ஆனால் அது நிலத்தைச் சேர்க்கும் திட்டம் இல்லை, சேர்ந்து இயந்திரம் வாங்க, இடுபொருள் வாங்க, விற்க. நம் ஊரில் நிலத்தையே சேர்க்கிற பேச்சு எப்போதுமே சண்டையில்தான் முடிந்திருக்கிறது. 1959இல் நாக்பூர் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை என்று தீர்மானம் போட்டதும் ராஜாஜி அதைக் கடுமையாக எதிர்த்தார், அதே வருடம் சுதந்திராக் கட்சி பிறந்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். தாத்தாக்கள் எல்லாம் இதைப் பேசி முடித்துவிட்டார்கள்.

வெட்டிப்பேச்சு

ராஜாஜியை எதிர்ப்பதற்காகவே ஒரு கூட்டுப்பண்ணை ஆரம்பிக்கலாம் போலிருக்கிறதே.

கதியால்

யாழ்ப்பாணத்திலிருந்து. உங்கள் இழையை வாசிக்க ஒரு விஷயம் உறைத்தது. இயற்கைப் பண்ணை பற்றிப் பேசுகிறவர்கள் கிளைரிசிடியா என்ற தழைமரத்தை ஒரு புதுத் தொழில்நுட்பம் மாதிரிக் கதைக்கிறார்கள். எங்களுக்கு அது வேலி, பேர் கிளிசரியா. கிளிசரியா, பூவரசு, முள்முருக்கு எல்லாம் கதியாலாக, அதாவது உயிர்வேலித் தடியாக நட்டு, வருடத்துக்கு ஒரு தரம் வெட்டி, குழையை (தழையை) தோட்டத்து மண்ணில் தாழ்ப்பது அப்பா காலத்திலிருந்து இருக்கிற பழக்கம். தழை ஆடு தின்னும், தடி அடுப்புக்கு, மிச்சம் மண்ணுக்கு. மதில் கட்டத் தொடங்கின பிறகுதான் குழைக்கும் காசு கொடுக்க வேண்டி வந்தது.

2021இல் எங்கள் அரசாங்கம் ஒரே இரவில் இரசாயனப் பசளையை (உரத்தை) நிறுத்தியது ஞாபகம் இருக்கும். நவம்பரில் திரும்ப எடுத்துவிட்டார்கள், அதற்கிடையில் நெல்லும் தேயிலையும் பட்ட பாடு உலகத்துக்கே தெரியும். அந்த நேரம் வீட்டைச் சுற்றி மா, பலா, முருங்கை, தேசி (எலுமிச்சை) வைத்திருந்தவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை, ஏனென்றால் அந்த மரங்கள் ஒரு நாளும் யூரியாவைக் கண்டதில்லை. இதைச் சொன்னதும் இயற்கை விவசாயம்தான் தீர்வு என்று யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம். மரத்துக்குச் சரிவந்தது நெல்லுக்குச் சரிவரவில்லை, அதுவும் ஒரு வருடத்துக்குள் வரவே வராது.

பனிக்காட்டுத் தமிழன்

மாண்ட்ரியாலில் இருக்கிறேன். இங்கே கியூபெக்கில், நகரத்துக்குத் தென்மேற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் மிராக்கிள் ஃபார்ம்ஸ் என்று ஒன்று. ஸ்டீபன் சொப்கோவியாக் என்பவர் 1990களில் ஒரு சாதாரண ஆப்பிள் தோட்டத்தை வாங்கி இயற்கை முறைக்கு மாற்றினார். மாற்றியும் பூச்சித் தொல்லை தீரவில்லை, மருந்துக்குப் பதில் இயற்கை மருந்து என்ற அளவில்தான் மாற்றம். ஏக்கர் கணக்கில் ஒரே மரம் இருக்கும்வரை பூச்சிக்கு அது விருந்துதான் என்று முடிவு செய்து, ஒரு பகுதியைப் பிடுங்கி மறுபடி நட்டார். வரிசையில் மூன்று மூன்றாக: தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிற மரம் ஒன்று, ஆப்பிள் ஒன்று, பேரியோ பிளம்ஸோ ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் ஒரே ரகம் வராது, இடையில் புதர்ப் பழம், கீழே மூலிகை, கொடியில் திராட்சை.

இதில் எனக்குப் பிடித்தது தோட்டத்தின் வரிசைகளை அவர் பிரித்த விதம். எந்தப் பழம் எந்தப் பத்து நாளில் பழுக்கிறதோ அவை எல்லாம் ஒரே வரிசையில். வருடச் சந்தா கட்டின உறுப்பினர்கள் வருவார்கள், அந்த வாரத்து வரிசையில் நுழைந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் ஆப்பிள், பேரி, பிளம்ஸ், கீரை எல்லாம் கூடையில். பறிக்கிற கூலி மிச்சம், வரிசை வரிசையாகத் தேடி அலைகிற வேலையும் மிச்சம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். மர வரிசையில் அவர் போட்ட மூடாக்கு பிளாஸ்டிக் விரிப்பு. இதை வைத்தே இங்கே பெர்மாகல்ச்சர் ஆட்கள் அவரோடு சண்டை பிடிப்பார்கள். புல்லை ஆள் வைத்து எடுத்தால் கட்டுப்படியாகாது என்பது அவர் கட்சி. எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது, நம் ஊர் வெயிலில் அதே விரிப்பு கிழிந்து மண்ணோடு கலந்துவிடும் என்பது வேறு விஷயம்.

கூடைக்காரி

நான் சென்னையில் வாரம் ஒருமுறை இயற்கைக் காய்கறிக் கூடை போடுகிறவள். இவ்வளவு நேரம் மண், வரப்பு, பத்திரம் என்று போய்க்கொண்டிருக்கிறது, சாப்பிடுகிறவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

செம்மண்காட்டான், உங்கள் குறிப்பிலேயே பதில் இருக்கிறது. சோலார் கிச்சன், ஃபுட்லிங்க், பண்ணைக்குள்ளேயே உணவகம். பனிக்காட்டுத் தமிழன் சொன்ன இடத்தில் சந்தா உறுப்பினர்கள். இரண்டு இடத்திலும் மரம் வைப்பதற்கு முன்பே அல்லது கூடவே வாய் இருக்கிறது. கலப்புப் பண்ணையில் ஒரு நாளில் கிடைப்பது என்ன? ஆறு கிலோ கொய்யா, இரண்டு தார் வாழை, பதினைந்து சீத்தா, ஒரு கட்டு கீரை, நாலு பப்பாளி. இதைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனால் வண்டி வாடகைக்குக் காணாது. கமிஷன் மண்டிக்காரர் ஒரே ரகத்தில் ஒரு டன் இருந்தால்தான் நிமிர்ந்தே பார்ப்பார். சமையலறைக்கோ கூடைக்கோ இதே கலப்புதான் வேண்டும். அதாவது கலந்து நட்டால் கலந்து வாங்குகிறவர் வேண்டும், இது இல்லாமல் நிலம் வாங்குவதில் அர்த்தமே இல்லை.

சப்போட்டா ஒரு கொடுமை. பறித்து நாலைந்து நாளில் ஒரே சமயத்தில் எல்லாம் பழுக்கும். போன பருவத்தில் ஒரு பண்ணை எனக்கு ஒரே வாரத்தில் எண்பது கிலோ அனுப்பிவிட்டது, தெரிந்த வீட்டுக்கெல்லாம் கொடுத்தும் தீரவில்லை, கடைசியில் மில்க்‌ஷேக் கடைக்காரர் ஒருவர் காலில் விழாத குறை. சீத்தா இன்னும் மோசம், தொட்டால் உடைந்துவிடும். எலுமிச்சை, நெல்லி, முருங்கை, வாழைப்பூ, தேங்காய் இவை எனக்கு எப்போது வந்தாலும் போகும். நடுகிறபோதே இதை யோசியுங்கள். தெரிந்த முப்பது நாற்பது குடும்பத்திடம் முன்பணம் வாங்க முடிகிறதா என்று நிலம் பார்க்கும் முன் பாருங்கள், முடியவில்லை என்றால் இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள்.

ஆரோவிலையும் உச்சியில் வைக்க வேண்டாம். அங்கே இருக்கிற மூவாயிரத்துச் சொச்சம் பேர் சாப்பிடுவதில் பெரும்பகுதி இன்றைக்கும் வெளியிலிருந்துதான் வருகிறது. அத்தனை பண்ணை இருந்தும் அப்படி.

செம்மண்காட்டான்

அக்கா, இதை எங்கள் குழுவில் அப்படியே ஒட்டினேன், ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. முன்பணம் விஷயத்தைத் திங்கட்கிழமையே கேட்டுப் பார்க்கிறோம், அடுக்குமாடிக் குடியிருப்பில் இருவர் இருக்கிறார்கள், அங்கே ஆரம்பிக்கலாம்.

வேலையாள் பற்றிக் கேட்டவர்களுக்கு: நாங்கள் பார்த்த இடங்களில் தன்னார்வலர் இருந்தார்கள், உண்மைதான், ஆனால் அன்றாட வேலை நடப்பது குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி மாதிரிப் பக்கத்து ஊர்க்காரர்களால். மூடாக்கு போடுகிற அம்மா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். எந்தச் செடியை எங்கே வெட்டலாம், எதை விடலாம் என்று அவர் கைக்குத் தெரிகிறது. விளக்கம் சொன்ன இளைஞர் ஒரு செடிக்குப் புத்தகப் பேர் சொன்னார், அந்த அம்மா அதை எப்படித் துவையல் அரைப்பது என்று சொன்னார். ஆறு பேரில் ஒருத்தனாவது அங்கேயே குடியிருக்காமல், இப்படி ஒருவரும் இல்லாமல், நடக்காது என்பது எங்களுக்கே புரிந்துவிட்டது. ஒருத்தன் தயார் என்கிறான், அவன் மனைவி தயாரா என்று இனிமேல்தான் கேட்க வேண்டுமாம்.

வெட்டிப்பேச்சு

கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், இழை முடிந்தது என்று பூட்டிவிடலாம். சும்மா சொன்னேன். சமையலறைக் கணக்கு நல்ல கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊர் அம்மாவுக்குப் பங்கு உண்டா இல்லை தினக்கூலிதானா? கூட்டுப்பண்ணை என்றால் அவரும் கூட்டில் இருக்க வேண்டாமா?

மூடாக்கு

நல்ல கேள்வி கேட்டுவிட்டாய் தம்பி. நான் பார்த்ததில் ஒன்றிரண்டு இடத்தில் காய்கறிப் பாத்தியை வேலை செய்கிற குடும்பத்துக்கே பாதிப் பங்குக்கு விட்டிருக்கிறார்கள். மரம் முதலாளிக்கு, நடுவில் வருகிற காய்கறி, கீரை, பயறு எல்லாம் பாதிக்குப் பாதி. அவர்கள் தங்கள் பாத்திக்குத் தண்ணீர் விடும்போது கன்றுக்கும் விட்டுவிடுவார்கள். வாட்ச்மேன் சம்பளமும் மிச்சம். முழுப் பங்கு கொடுத்த இடம் எதையும் நான் பார்க்கவில்லை.

இனி நடவு. சுருக்கமாகச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் பலதானியம் விதையுங்கள். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொன்னதுதான்: தானியம், பயறு, எண்ணெய் வித்து, மசாலாப் பயிர், பசுந்தாள், எல்லாவற்றிலும் நாலு நாலு ரகம், ஏக்கருக்கு 20, 25 கிலோ கலந்து விதைத்து, பூக்கிற சமயத்தில், 45லிருந்து 60 நாளுக்குள், மடக்கி உழ வேண்டும். வெறும் செம்மண் என்றால் இரண்டு முறை. அப்புறம் கன்று. கன்றுக்கு ஆறடி தள்ளி அகத்தியோ கிளைரிசிடியாவோ, முதல் மூன்று வருட வெயிலுக்கு அதுதான் குடை. முருங்கை ஆறேழு மாதத்தில், பப்பாளி பத்து மாதத்தில், வாழை ஒரு வருடத்தில் காசு காட்டும், மா ஒட்டு நாலாம் வருடம், பலா அதற்கும் மேல்.

ஆனால் எல்லாரும் கோட்டை விடுகிற இடம் தண்ணீர். கலந்து நடு என்றதும் மாமரத்துக்குப் பக்கத்தில் வாழையை வைத்துவிடுவார்கள். வாழைக்கு வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் வேண்டும். மாமரம் மழை முடிந்ததும் பூக்கும் வரை காய்ந்து கிடக்க வேண்டும், அப்போது தண்ணீர் கொடுத்தால் பூவுக்குப் பதில் இலை துளிர்க்கும். ஐந்து வருடம் வளர்த்த மரம் தளதளவென்று நிற்கும், ஒரு பூ இருக்காது, உடனே இயற்கை முறையில் காய்க்காது என்று பேசத் தொடங்குவார்கள். அந்தக் கனடாக்காரர் பழுக்கிற நாளை வைத்துப் பிரித்தார், நீங்கள் தண்ணீரை வைத்துப் பிரியுங்கள். மா, முந்திரி, சீத்தா, நெல்லி, புளி ஒரு பக்கம், மேட்டில். வாழை, பப்பாளி, தென்னை, பாக்கு, கருவேப்பிலை ஒரு பக்கம், பண்ணைக்குட்டை வழிகிற தாழ்வில். கொய்யாவும் சப்போட்டாவும் நடுவில் எங்கேயும் பொறுத்துப்போகும். இரண்டு பக்கத்திலும் கலப்பு இருக்கட்டும், ஆனால் ஒரே தாகம் உள்ளவை ஒன்றாக.

இன்னொன்று, மூடாக்கை அடிமரத்தோடு ஒட்டிப் போடாதீர்கள். ஒரு சாண் இடைவெளி. இல்லையென்றால் கரையான் பட்டையில் ஏறும், தூர் அழுகும்.

ஆரோவிலை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், அங்கே மழை அதிகம். கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் சுருமான்பட்டியில் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் இருக்கிறது, அவர் உடலை விதைத்த, அதாவது அடக்கம் செய்த, இடமும் அதுதான். உங்கள் பக்கத்து மழையில் பாதிதான் அங்கே. பாறைக் காட்டில் குழியும் குட்டையும் வெட்டி எப்படி மரம் எழுப்பினார்கள் என்று பாருங்கள். மூன்று நாள் பயிற்சி நடத்துவார்கள், ஆறு பேரும் சேர்ந்து போங்கள். மூன்று நாள் ஒரே கொட்டகையில் தூங்கி எழுந்தாலே யார் யாரோடு ஒத்துப்போவார்கள் என்று தெரிந்துவிடும்.

ஓஎம்ஆர்வாசி

பண்ணை பார்க்கப் போகிறவர்கள் தை, மாசியில் போகாதீர்கள் என்பது என் யோசனை. மழை முடிந்து எல்லாமே பச்சையாக இருக்கும், மச்சானுடைய கம்பெனி கூட அந்த மாதம்தான் ஆட்களை வேன் வைத்து அழைத்துப் போனது. சித்திரை வெயிலில் போங்கள். அப்போதும் மரத்தடியில் ஈரம் இருக்கிறதா, கணக்கு நோட்டைக் காட்டச் சொன்னால் காட்டுகிறார்களா, இந்த இரண்டும் போதும்.

கூடைக்காரி

ஓஎம்ஆர்வாசி சொன்னதோடு இன்னொன்று, அங்கே வேலை செய்கிறவர்கள் மத்தியானம் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். பண்ணைக் காய் அவர்கள் தூக்கில் இல்லாவிட்டால் ஏதோ இடிக்கிறது.

பலாத்தோப்பு

சித்திரை, வைகாசியில் ஆரோவில் வந்தால் அப்படியே பண்ருட்டிக்கும் வாருங்கள், ரொம்பத் தூரம் இல்லை. பலா அப்போதுதான். தானேவுக்குப் பிறகு வைத்த கன்று இப்போது எப்படி நிற்கிறது, மிளகு எந்த மரத்தில் ஏறுகிறது, எதில் ஏறவில்லை, எல்லாம் காட்டுகிறேன். மயில் தொல்லைக்கு யாரிடமாவது வழி இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், கடலையை விதைக்க விதைக்கப் பொறுக்கிவிடுகிறது.

வெட்டிப்பேச்சு

சாப்பாடு உண்டா?

பலாத்தோப்பு

உண்டு. மூக்கிரட்டை கிடையாது, பலாக்கொட்டைக் குழம்பு.

வெட்டிப்பேச்சு

அப்படியென்றால் நானும் வருகிறேன். செம்மண்காட்டான், வேனில் ஏழாவது ஆளுக்கு இடம் இருக்கிறதா?